ஞாயிற்றுக்கிழமை வரிசை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? இதை அம்மாவிடமும் கேட்பேன். உங்கள் பேச்சை மட்டும் நம்ப மாட்டேன்.

"பொருளாதாரம் படிச்சு என்ன கிழிக்கப் போறா?" என்று கேட்ட சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் விடுதியில் துணி துவைக்கும் மெஷின்கள் மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வரிசை வாசல்வரை நிற்கும். புதன்கிழமைக் கட்டணத்தைப் பாதியாக்கினால் கூட்டம் பிரிந்துவிடும் என்று எங்கள் பேராசிரியை அடித்துச் சொன்னார். வார்டனிடம் பேசி அப்படியே செய்தும் பார்த்தோம். புதன்கிழமை ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

வேறு யாராவது என்றால் எங்கள் தலையில் பழியைப் போட்டிருப்பார்கள். அவரோ, பலகையில் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, "நான் நினைச்சது தப்பு. ஏன் வரலைன்னு அவங்களையே போய்க் கேளுங்க. அதுதான் படிப்பு" என்று சிரித்தார். எத்தனை பெரிய மனசு அப்பா! எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

போய்க் கேட்டோம். "புதன்கிழமை வந்தா யார்கூடப் பேசறது?" என்றாள் பக்கத்து அறைக்காரி. வாரம் முழுக்க இங்கே எல்லா அறைக்கதவும் சாத்தியே இருக்கும். அந்த வரிசையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓட வேண்டும். ஒன்றே ஒன்று: என் பழைய துணிகளில் நாலைந்து அனுப்பி வையுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. போட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துவைக்கத்தான் போதவில்லை.

உங்கள்
சின்னக்குட்டி