எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டிய நன்றி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்த ‘இருவரும்’ என்ற சொல்லைப் பயமில்லாமல் எழுத எனக்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே என்னோடு சண்டைக்கு வருவாய். கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்காகத்தான்.

அப்பாவுக்கு ஒன்றிரண்டு வார்த்தை வர ஆரம்பித்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று, நீ அழுதுகொண்டே பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு நன்றி சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நன்றியில் பெரிய பங்கு இன்னொருவருக்குச் சேர வேண்டியது. யாரை வாசப்படி மிதிக்க விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாயோ, அவருக்குத்தான். எதிர்க்கட்சிக்கு. அப்பா அவருக்கு அந்தப் பெயரை வைத்தபோது நீ பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சு, ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு அறை தள்ளி, முப்பது வருஷமாக அப்பா எதைச் சொன்னாலும் அவர் இல்லை என்பார், அவர் சொன்னால் அப்பா இல்லை என்பார். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், போன வருஷம் கருத்தரங்கில் அத்தனை பேர் முன்னால் அப்பாவின் கட்டுரையை ‘ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு’ என்று சொன்னாரே, அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகு பதினொரு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பக்கவாதம் வந்து படுத்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த முதல் வாரம் எப்படி இருந்தது என்று உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. மாசமாக இருப்பவளிடம் எதற்கு என்று மறைத்தேன். எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வழியில் மாட்டிக்கொள்கிறது, விடாமல் பழக்கினால் வரும் என்று டாக்டர் சொன்னார். பயிற்சிப் பெண் அட்டைகளைக் காட்டினாள். கோப்பை, சாவி, பூனை. அவள்மேல் தப்பே இல்லை, தங்கமான பெண். ஆனால் அத்தனை பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதரிடம் பூனைப் படத்தைக் காட்டி இது என்ன சார் என்றால் அவர் என்ன செய்வார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை எதிர்க்கட்சி வந்து நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், கக்கத்தில் சின்ன வெள்ளைப் பலகை. நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அவருக்குப் படபடப்பு கூடாது, ரத்தக் கொதிப்பு ஏறினால் வம்பு என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தங்கச்சி, நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன், ஆனா மன்னிப்புக் கேட்டா அவன் இன்னும் சுருண்டு படுத்துக்குவான், சண்டை போட்டாத்தான் ஏதாவது நடக்கும், விட்டுப் பாரு என்றார். உன் முகம்தான் கண் முன்னால் வந்தது. ஆனாலும் அந்த முதுகையே இன்னொரு நாள் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லையடி. வழிவிட்டேன்.

எட்டு நாள் அவர் மட்டும்தான் பேசினார். பலகையில் குவாண்டத்துக்கு ஒன்று, ஈர்ப்புக்கு ஒன்று என்று இரண்டு வட்டம் போட்டுக்கொண்டு அப்பாவின் முதுகோடு வாதாடினார். நான் சமையலறையில் காய் நறுக்கியபடி கேட்டுக் கேட்டு எனக்கே கொஞ்சம் பிடிபட்டுவிட்டது, சிரிக்காதே. எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று கொடுக்கிறோமே, அந்த மாதிரி நட்சத்திரத்தைப் பார்க்கச் சார்பியல், அணுவைப் பார்க்கக் குவாண்டம். தனித்தனியாகப் போட்டால் இரண்டும் துல்லியமாகக் காட்டுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எல்லாம் கலங்கிவிடுகிறது. குவாண்டத்தில் ஒரு பொருள் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்கலாமாம். சார்பியலிலோ பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே வெளி, அதாவது சுற்றியிருக்கிற இடமே, வளைந்துகொடுக்குமாம், அதுதான் ஈர்ப்பாம். அப்படியானால் இரண்டு இடத்தில் இருக்கிற பொருளுக்கு வெளி எந்தப் பக்கம் வளையும்? இதுதான் அவர்கள் முப்பது வருஷச் சண்டை. உலகம் பூராவும் இதற்காக அடித்துக்கொள்கிறார்களாம். குவாண்டம்தான் அஸ்திவாரம், ஈர்ப்பும் அதற்கு அடங்கித்தான் ஆகணும் என்பது எதிர்க்கட்சியின் கட்சி.

ஒன்பதாம் நாள் அவருக்கே சலித்துவிட்டது போல. நீதான் எந்திரிச்சுப் பேச மாட்டேங்கறியே, இன்னைக்கு உன் கட்சியையும் நானே பேசறேன் என்று ஆரம்பித்தார். ஈர்ப்பு இம்மி அசையாது, குவாண்டம்தான் விட்டுக்கொடுக்கணும், இதானேடா நீ சொல்றது என்றார். கட்டில் கிரீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து. எனக்கு உயிரே போய்விட்டது. ரத்தக் கொதிப்புக் கருவியை எடுக்கத் திரும்பினேன், பின்னால் கரகரப்பாக ஒரு குரல். இல்ல. அவ்வளவுதான். அப்புறம் வாயைக் கோணிக்கோணி எதையோ தேடினார், வியர்த்துக் கொட்டியது. ரெண்டும் என்றார். இடது கையால் பேனாவைப் பிடுங்கி இரண்டு வட்டத்தின் மேலும் கோடு இழுத்தார். எதிர்க்கட்சி பலகையைக் கிட்டே இழுத்துப் பார்த்து, ரெண்டுமே மாறணும்னா சொல்ற என்று கேட்டார். அப்பா குழந்தை மாதிரி தலையை ஆட்டி ஆட்டி அழுதார். நானும் அழுதேன், கையில் கருவியோடு.

அவர் கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன், அவருக்குப் பேச்சு வரட்டும்னு வேணும்னேதான் தப்பாச் சொன்னீங்களாண்ணா என்று. அண்ணா என்று வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்ல தங்கச்சி, நெஜமாவே அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், முப்பது வருஷமா, அவன் தெளிவாத்தான் எழுதியிருக்கான், நான்தான் எங்க ஓட்டை இருக்குன்னு தேடிப் படிச்சேன், என்ன சொல்றான்னு படிக்கல என்றார். மறுநாள் வந்து மன்னிப்பும் கேட்டார். அப்பா ஈ ஓட்டுவது போல் இடது கையை வீசி, பலகையைக் காட்டினார்.

இப்போது தினமும் ஒன்பது மணிக்கு வந்து பன்னிரண்டரை வரை இருக்கிறார். அதனால்தான் நான் கடைக்கு அரை நாள் போய்வர முடிகிறது. பயிற்சிப் பெண்ணும் பூனையை உள்ளே வைத்துவிட்டு, அண்ணனிடம் கேட்டு ஈர்ப்பு, வெளி, காலம் என்று புது அட்டை எழுதிக்கொண்டு வருகிறாள். அப்பா அதிர்வெண் என்று அட்சர சுத்தமாகச் சொல்கிறார், தண்ணீர் வேண்டுமென்றால் ‘அது, அது’ என்கிறார். என் பெயர் இன்னும் வரவில்லை. முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, உன்னிடம் என்ன மறைக்க. அப்புறம் நினைத்துக்கொண்டேன், வந்த வார்த்தை எதுவாக இருந்தாலும் அது வந்தது என் வீட்டுக்குத்தானே.

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. ரெண்டும் மாறினாலும் அஸ்திவாரம் குவாண்டம்தான் என்று அண்ணன் அடித்துப் பேசுகிறார், அப்பா விதவிதமாக ‘இல்ல’ சொல்கிறார். எந்தெந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள், நாலு பக்கம் ஆகியிருக்கிறது. இரண்டு துளித் தூசிக்கு நடுவே இருக்கும் ஈர்ப்பை வைத்து யார் சொல்வது சரி என்று பார்க்க எங்கெங்கோ முயற்சி நடக்கிறதாம். விடை தெரியப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகலாம், அதுவரைக்கும் நாம இருப்போமாடா என்று அண்ணன் கேட்டார். அப்பா வெகுநேரம் வாயை அசைத்துவிட்டு, இருப்போம் என்றார். இனி நடக்கப்போவதைச் சொல்லும் வார்த்தை அவருக்கு அன்றுதான் முதன்முதலில் வந்தது என்று பயிற்சிப் பெண் குறித்துக்கொண்டாள்.

உன் பேச்சை மீறியதற்கு அம்மாவை மன்னித்துவிடு. முடிந்தால் அண்ணனுக்கு இரண்டு வரி எழுது, மனிதர் சந்தோஷப்படுவார். உன்னால் வர முடியவில்லையே என்று மருகாதே, இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டரே சொன்ன பிறகு என்ன. இடது பக்கமாகவே படு, மாடிப்படியைக் குறை, மாப்பிள்ளை உன்னைத் தாங்குவதற்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே உன்னிடம் பேசப்போகிறாராம், போனைக் காட்டிக் காட்டிச் சொல்லிவிட்டார். அவர் தடுமாறும்போது நீ வார்த்தையை எடுத்துக்கொடுக்காதே. சத்தமே இல்லையென்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அந்தப் பக்கம் அப்பா உனக்காக ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார். காத்திரு.

உன்
அம்மா