இரண்டு கூட்டல் ஒன்று

தமர்,

பலாக்காய் குதெக் அடுப்பின் மேல் இருக்கிறது. உங்கள் அம்மா மதியத்துக்குள் வந்துவிடுவார்கள், சூடாக்கிப் போடுங்கள். நான் சோலோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஸ்கூட்டர் சாவி ஆணியில் தொங்குகிறது. ரயிலடிக்கு நடந்தே போய்க்கொள்கிறேன்.

நேற்றுக் காப்பிக்கடைக் கவிதைக் கூட்டத்தில் என்னுடைய சமன்பாட்டை உங்கள் கவிதை என்று வாசித்தீர்கள். 2 + 1 = 2. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். யாரோ, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

"மாமியார் வந்து தங்கினாங்க, கிளம்பிட்டாங்க. மிச்சம் நாங்க ரெண்டு பேரு!" என்றீர்கள். கடையே சிரித்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நோன்பு மாதத்தில், குழந்தையில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நான் எழுதியது அது. படித்துவிட்டு என் மடியில் முகம் புதைத்து அழுதவர் நீங்கள்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், "சும்மா ஒரு ஜோக்குதானே ரெத்னோ! கணக்கு டீச்சர்னா சிரிக்கவே கூடாதா?" என்று வேறு கேட்டீர்கள்.

நான் எழுதிவைத்த மற்றச் சமன்பாடுகளை என்னோடு எடுத்துப் போகிறேன். அடுத்த கூட்டத்துக்கு நீங்களே ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள்.

ரெத்னோ

கூண்டுப் புறாவுக்குத் தண்ணீர் மாற்றவில்லை. மறக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மா கேட்டால், சின்னச் சண்டை என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், தமர். என்ன பெயர் என்று நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை.