பலா மர வீடும் ரைஸ்மில் அம்மாவும்

மே 24, ஞாயிறு

அக்னி வெயில். ஃபேன் போட்டால் காற்று வரவில்லை, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. இன்றைய வேலை: பெட்டி கட்டுவது. என் தோழி ஷபானா அவள் அத்தாவின் மளிகைக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தாள். பெட்டிமேல் அச்சடித்த பேர்படி என் பிளஸ் ஒன் புத்தகங்கள் இப்போது ‘கொசுவத்தி’. அம்மாவின் பட்டுப்புடவைகளை வேண்டுமென்றே ‘மிளகாய்த்தூள்’ பெட்டியில் போட்டேன். அம்மா தும்மிக்கொண்டே தூக்கினாள். பெட்டியில் தூள் ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் பேர் ராசி.

இந்த மாதத்தோடு அப்பா ரிடையர்டு. வெள்ளிக்கிழமை பிரிவு உபசார விழா. அடுத்த திங்கள் புது வீடு பதிவு. அந்த வியாழன் பால் காய்ச்சுவது. எல்லாம் வைகாசிக்குள் முடிய வேண்டும். ஆனி, ஆடியில் குடிபோகக் கூடாதாம், அப்புறம் ஆவணிதான். நெய்வேலியில் பிறந்து நெய்யைக் கண்டதில்லை, வேலியைத்தான் கண்டேன். பாலாவது பொங்கட்டும்.

வீடு காடாம்புலியூரில். பின்னால் ஒரு பலா மரம். பிடித்துக் கொடுத்தவர் தரகர் பூவராகன். தரதரவென்று இழுப்பதால் தரகர். எதைக் கேட்டாலும் ‘வச்சிக்கோங்க’. பத்திரம்? ரெடின்னு வச்சிக்கோங்க. சாவி? கையில இருக்குதுன்னு வச்சிக்கோங்க. அப்பாவும் அப்படியே வைத்துக்கொண்டுவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ். குழாய் ஒழுகினால் எழுதிப் போட வேண்டும், ஆள் வரும். இன்ன தேதி மைன்ஸில் நிலக்கரி பெல்ட் நிற்கும் என்று போர்டில் ஒட்டினால் அன்றைக்கு நிற்கும். யாராவது தேதி சொன்னால் அது நடந்த மாதிரிதான் அப்பாவுக்கு. ரிடையர் ஆனபின் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். தேவையில்லை, வீடு ரெடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் குவார்ட்டர்ஸ் வீடு இனி குமார் அண்ணனுக்கு. மைன்ஸில் அப்பாவின் கேங்கில் வேலை. ரொம்ப வருஷம் கான்ட்ராக்ட், இப்போதுதான் பெர்மனென்ட். மந்தாரக்குப்பத்தில் ஒரே ரூம். அவர், மனைவி செல்வி அக்கா, கைக்குழந்தை. அவர்களும் அதே வியாழன் இங்கே பால் காய்ச்சுகிறார்கள்.

மே 25, திங்கள்

எழுத்து கோணல்.

காலையில் பூவராகன் வந்தார். அம்மா சுட்ட முறுக்கில் பாதி காலி. போகும்போது என் தலையில் தட்டி, ‘பாப்பா, நல்லாப் படி’. பாப்பாவாம். பழி வாங்காமல் விடுவேனா. ஷபானா வீட்டு மாடி, அவள் ஃபோன், என் ரைஸ்மில் அம்மா குரல். (மூக்கைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை மெல்லுவதுபோல் பேச வேண்டும். பள்ளியில் இரண்டு டீச்சர்கள் ஏமாந்த குரல்.)

சேத்தியாத்தோப்பிலிருந்து பேசுகிறேன், ரைஸ்மில் இருக்கிறது, காடாம்புலியூரில் பலா மரத்தோடு ஒரு வீடாமே, உடனே வேண்டும் என்றேன். சாம்பாரில் போட பலாக்கொட்டை எத்தனை கிடைக்கும் என்று கேட்டு அறுக்கலாம் என்பது திட்டம். கொட்டைவரைக்கும் போகவே இல்லை.

“அந்த வூடு வேணாங்கம்மா. அது இப்பத்திக்கு ஆவாது. வூட்டுக்காரருக்கு ஒரு அக்கா இருக்காங்க, சிங்கப்பூர்ல. அவங்களுக்கும் பாகம் இருக்குது. அவங்க வந்து கையெழுத்துப் போடாம பதிவு நடக்காது. கார்த்திகையிலதான் வர்றாங்க. நான் வேற வூடு காட்றேன், வாங்க.”

ஷபானா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகச் சொன்னார்களே என்று கேட்டேன். குரல் எப்படி உடையாமல் இருந்ததோ தெரியவில்லை.

“ஆமாங்க, குவார்ட்டர்ஸ் பார்ட்டி ஒண்ணு. நல்ல மனுசன். பொட்டி கட்டிக்கினு கீறாரு. இப்ப சொன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுன்னு கேப்பாரு. பாத்து மெதுவா சொல்லிக்கலாம்.”

வைத்துவிட்டேன். கார்த்திகை. ஆவணிகூட இல்லை, கார்த்திகை.

வீட்டுக்கு வந்தால் அப்பா கண்ணாடி முன் நின்று விழாவில் பேசப்போவதைச் சொல்லிப் பார்க்கிறார். “என்னோட உழைச்ச தோழர்களே...” தோழர்களே வந்ததும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். தண்ணீர் கொடுத்தேன். சொல்லவில்லை.

மே 26, செவ்வாய்

சொல்லவில்லை.

காலையில் சொல்லப் போனேன். அப்பா புதுச் சட்டையைப் போட்டு, காலர் சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

மத்தியானம் அம்மாவிடம் போனேன். குவார்ட்டர்ஸ் துளசிமாடத்தை அடுத்த வீட்டு அத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காடாம்புலியூரில் பெரிதாகக் கட்டப் போகிறாளாம்.

சாயந்திரம் பூனையிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டது.

விழா முடியட்டும். வாழ்க்கையில் ஒரு நாள் அவர் கழுத்தில் மாலை விழப்போகிறது, அதைக் கெடுக்க வேண்டாம். சனிக்கிழமை காலை முதல் வேலை.

சாப்பாடு இறங்கவில்லை. மாம்பழம்கூட.

மே 27, புதன்

புழுக்கம். மழை வரும் மாதிரி வந்து போய்விட்டது. அதுவும் தரகர் மழை.

குமார் அண்ணன் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். ஜன்னல் அளக்க. டேப் இல்லை, முழம் போட்டே அளந்தார். செல்வி அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதானாம்: தூளி கட்டக் கொக்கி எந்த ரூமில்? காட்டினேன். நான் ஆடிய கொக்கி. பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இங்கேயிருந்து போய் ரூம்காரம்மாவிடம் காலி செய்வதைச் சொல்லிவிடுவாராம்.

“நம்ம யாழினி ஏன் இன்னிக்கு இவ்ளோ நல்ல பொண்ணா இருக்கு? போன வாட்டி என் ஹெல்மெட்ல மாவு கொட்டி வச்சிருந்துச்சு.”

அம்மா சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். கேட் வரைக்கும் கூடப் போனேன். வாயைத் திறந்தேன். “அண்ணே, வண்டி ஸ்டாண்ட் எடுக்கல” என்றேன். எடுத்துவிட்டுப் போனார்.

அவர் ஸ்டாண்டை எடுத்துவிட்டார். நான் எந்த ஸ்டாண்டும் எடுக்கவில்லை. (பார், இப்போதும் ஜோக் வருகிறது. அடித்துப் போடலாம் போலிருக்கிறது என்னை.)

மே 28, வியாழன்

நடந்தது நடந்தபடி.

காலையில் அம்மா லாரிக்காரரிடம் நேரம் பேசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைவரை பொறுக்கவில்லை. ஃபோனைப் பிடுங்கி வைத்தேன். சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் அக்கா, கார்த்திகை, எல்லாம் ஒரே மூச்சில்.

அம்மா நம்பவில்லை. மிளகாய்த்தூள் பெட்டியைக் காட்டினாள். “விளையாடறதுக்கும் ஒரு அளவு இருக்குடி.” நியாயம்தானே. இத்தனை நாள் இந்த வாயிலிருந்து என்ன உண்மை வந்திருக்கிறது?

அழுதேன். அப்போதும் அம்மா நம்பவில்லை, வெங்காயத்தைத் தேடினாள். அப்பாதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் குரல்லயே இன்னொரு வாட்டி கூப்பிடு” என்றார்.

ஷபானா ஃபோனோடு ஓடி வந்தாள். ஸ்பீக்கர் போட்டு, மூக்கைப் பிடித்து, அப்பா முன்னால், அம்மா முன்னால். என் ஆயுளில் இதைப் போலச் சிரிப்பு வராத நடிப்பு இல்லை. அந்தப் பலா மர வீட்டையே மனசு கேட்கிறது, அந்தக் குவார்ட்டர்ஸ் ஆளிடம் பேசி முடிக்க முடியாதா என்றேன்.

“ரைஸ்மில் அம்மாவா? அதான் சொன்னனேம்மா. கார்த்திகைக்கு முன்னாடி யாருக்கும் ஆவாது. அந்தப் பார்ட்டிக்கே இன்னும் சொல்லல நானு.”

அப்பா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

“பூவராகன், பார்ட்டிதான் பேசறேன்.”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன். அப்பா கத்தவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். அக்ரிமெண்ட் போட்ட வாரமே தெரியுமாம். பதில் இழுத்து இழுத்து வந்தது.

“அண்ணே, மறைக்கணும்னு இல்லண்ணே. உங்க விழா முடியட்டும்னுதான் இருந்தேன். நல்ல நாளும் அதுவுமா ஏன் கெடுக்கணும்னு...”

நானும் அதையேதான் எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்.

அப்பா வைத்துவிட்டார். அக்ரிமெண்ட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வக்கீலைப் பார்க்கத்தான் போகிறார் என்று அம்மா நினைத்தாள், நானும்தான். அது நாளைக்கு என்றார். முதலில் குமாரிடம் சொல்ல வேண்டுமாம். அம்மா தரையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். விழாவில் எல்லோரும் இருப்பார்கள், அது முடிந்து சொன்னால் என்ன என்று கேட்டாள். அப்பா வண்டிச் சாவியைத் தேடினார். சாவி என் பாவாடைப் பையில். காலையில் பழக்கதோஷத்தில் ஒளித்து வைத்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

மந்தாரக்குப்பம். அந்த ரூமில் பாதி சாமான் மூட்டையாகிவிட்டது. புதுப் பால் சட்டி ஒன்று, மஞ்சள் தடவி, அலமாரி மேல். குழந்தை பாயில் தூங்கியது. அப்பா செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றே சொன்னார். வீடு கிடைக்க ஆறு மாதம் ஆகும், அடுத்த வியாழக்கிழமை குவார்ட்டர்ஸ் காலியாகாது, ஆபீசில் போய்க் கேட்கிறேன், தப்பு என்னுடையது.

குமார் அண்ணன் சுவரில் சாய்ந்தார். “நேத்து சாயந்திரம்தாண்ணே ரூம்காரம்மாகிட்ட காலி பண்றேன்னு சொன்னேன். காலையிலயே வேற ஆளு வந்து பாத்துட்டு, முன்பணமும் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

செல்வி அக்காதான் கேட்டாள், கோபமே இல்லாமல்.

“உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுது?”

“இப்பத்தாம்மா. தெரிஞ்சதும் நேரா வர்றேன்.”

அவள் தலையாட்டினாள். அது போதும் போலிருந்தது அவளுக்கு. உள்ளே போய் அப்பாவுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை, குமார் அண்ணன் ரூமைக் காலி செய்வதாகச் சொல்வதற்கு முன்பே. அப்பா குடித்து முடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“அக்கா” என்றேன். என் சொந்தக் குரலில்தான்.