பதினொரு லிஃப்ற்

உங்கள் நீல ஜக்கற்றை இன்று காலை அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஸிப்பின் நுனியில் அந்த இரண்டு ரிக்கற்றுகளும் கம்பி வளையத்தில் இன்னும் தொங்குகின்றன. எழுத்து அழிந்துவிட்டது, மலையின் படம் மட்டும் நீலக் கறையாக மிஞ்சியிருக்கிறது. எத்தனை தரம் கத்தரிக்கோலோடு வந்தேன்! "பஸ்ஸிலை ஆக்கள் பாக்கினம், உதை வெட்டி எறியுங்கோ" என்றால், ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள்.

எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பனிச்சறுக்கு மலைக்குப் போவதென்று மகளும் மருமகனும் தீர்மானித்திருக்கிறார்கள். என்னையும் கூட்டிப்போகிறார்களாம். எந்த மலை என்பதில்தான் நேற்றுப் பின்னேரம் முழுவதும் இழுபறி. ரூஜில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கணினித் திரையில் இரண்டு இடங்கள். ஒன்று கியூபெக்கில்: வெந்நீர்க் குளமும் பெரிய கணப்பும் உண்டு. மற்றது வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். படத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. நாங்கள் போன அதே மலை.

"மாமிக்கு கியூபெக்தான் வசதி," என்றார் மருமகன். "பிள்ளையள் சறுக்கட்டும். மாமி சுடுதண்ணிக்குள்ளை இருக்கலாம்."

"நான் என்ன மரவள்ளிக் கிழங்கே தம்பி, அவிய?"

மகள் சிரிக்கவில்லை. "மற்ற இடம் வேண்டவே வேண்டாம். அங்கை லிஃப்ற் பழுதாகி, அப்பா வருத்தக் காலோடை மூண்டு மாடி சாமான் தூக்கினவர். எனக்கு நல்ல ஞாபகம். அம்மாக்கு உது சரிவராது."

நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பழுதான லிஃப்ற் நீங்கள் கட்டிவிட்ட கதை. அதன் உண்மை எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நான்காவது பனிக்காலம் அது. மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் எல்லோரும் மலைக்குப் போய்வந்த கதை சொல்கிறார்களென்று அழுதாள். நீங்கள் வாங்கிவந்த இரண்டு விளம்பர மடிப்புகளையும் சிவப்புப் பென்சிலோடு வரிவரியாக வாசித்தேன். அப்போது ஒஷாவாத் தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரத்தின் முன் நின்று உங்கள் முழங்கால் வீங்கியிருந்தது. ஓரிடத்தில் நான்கு லிஃப்ற். மற்ற இடத்தில் பதினொன்று. பதினொன்றின் கீழே கோடு போட்டேன்.

"உங்கட காலுக்கு இதுதான் சரி."

"ஒரு ஹொட்டேலுக்கு ஏனப்பா பதினொண்டு?"

"பெரிய ஹொட்டேல். நான் சிஸ்ரர்மாரிட்டை இங்கிலீசு படிச்சனான்."

"அப்ப சரி. நான் கதைக்கேல்லை."

போய்ச் சேர்ந்தால், எங்கள் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ற் எங்கே என்று வரவேற்பில் நின்ற பெண்ணிடம் கன்னியர்மட ஆங்கிலத்தில் திருத்தமாகக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். மலைச்சரிவில், கம்பியில் கொழுவிய நாற்காலிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஆட்கள் காலைத் தொங்கவிட்டபடி இருந்தார்கள். இந்த நாட்டில் அதுதான் லிஃப்ற். மாடிக்கு ஏற்றுவதற்கு எலிவேற்றர் என்று பெயர். அது அங்கே இல்லை.

என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வாய் திறக்க முன்னரே மகளிடம் திரும்பினீர்கள். "லிஃப்ற் பழுதாம் பிள்ளை. நடப்பம்." இரண்டு பெட்டிகளையும் ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு படிக்குப் படி நின்று நின்று ஏறினீர்கள். மேலே, பிள்ளை ஓடியபிறகு, என் காதுக்குள் சொன்னீர்கள்: "பதினொண்டும் வெளியிலை நிக்குது." இராச்சாப்பாடுவரை உங்களோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலை இரண்டு ரிக்கற்றோடு வந்தீர்கள். சறுக்காதவர்களும் ஏறி இறங்கலாமாம். "வாருமப்பா. கால் நோகாமல் மேலை போகலாம். நீர் பாத்து எடுத்த லிஃப்ற்றெல்லோ."

"நான் உதிலை ஏறன்."

நீங்கள் வற்புறுத்தவில்லை. இரண்டையும் உங்கள் ஸிப்பிலேயே கொழுவிக்கொண்டு போனீர்கள். கீழே நின்று பார்த்தேன். இருவர் இருக்கும் நாற்காலி அது. நீங்கள் ஒரு ஓரமாக இருந்து, என் இடத்தை விட்டிருந்தீர்கள். மூக்குச் சிவக்க இறங்கிவந்து, "உமக்கும் சேத்துப் பாத்திட்டு வந்தனான்" என்றீர்கள். மேலே என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

பிறகு மகள் அந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லும்போதெல்லாம், "ஓமோம், பழுது" என்று தலையாட்டுவீர்கள். அந்நேரம் மறந்தும் என் பக்கம் பார்க்கமாட்டீர்கள். கடைசிவரை அப்படித்தான்.

இன்று காலை ஜக்கற்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து ரூஜுக்குப் போனேன். மேசையில் விரித்தேன். "அந்த லிஃப்ற் பழுதாகேல்லை. அங்கை லிஃப்ற்றே இருக்கேல்லை. நான்தான் பிழையாய் விளங்கினனான். கொப்பர் எனக்காகப் பொய் சொன்னவர்," என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன்.

மகள் வாயைப் பிளந்தாள். "என்ர ரிப்போட்டிலை ரீச்சர் விட்ட எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பின நீங்களோ அம்மா?"

"ஓம். நான்தான்."

அந்த இரண்டு சொல்லுக்கு நாற்பது வருடம் எடுத்திருக்கிறேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு ரிக்கற்றுகளைத் தொட்டுப் பார்த்து, "அப்பா ஒருநாளும் சொல்லேல்லை" என்றாள். என் பக்கம் திரும்பி, "அதுக்காக எழுபத்தெட்டு வயதிலை அதிலை ஏறப்போறீங்களோ?"

"இருக்கத்தானே போறன்? சறுக்கப் போறனோ?"

மருமகன் திரையைத் துழாவினார். "மாமி, சறுக்காத ஆக்கள் இப்பவும் ஏறலாமாம். ஹொட்டேலிலை எலிவேற்றரும் இருக்கு. ரெண்டு."

"நல்லது. எனக்கு வேண்டியது வெளியிலை நிக்கிறது. புக் பண்ணுங்கோ."

பண்ணிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் ஜக்கற்றின் கையை மடித்துத் தைத்தேன். எனக்கு நான்கு விரல் நீளம் கூட. மலையில் அதைத்தான் போடப்போகிறேன். மேலே என்ன தெரியும் என்று உங்களிடம் இனிக் கேட்க முடியாது. நானே போய்த்தான் பார்க்கவேண்டும். பழைய ரிக்கற்றுகளை வெட்டவில்லை. புதியதை அவற்றுக்குப் பக்கத்தில் கொழுவுவேன். நாற்காலி வந்ததும், ஒரு ஓரமாகத்தான் இருப்பேன்.