எந்த இடத்துல திட்டுனீங்க?

நேற்று மதியம் அம்மா மண்டபம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து வடிகஞ்சி வாசனை வந்தது. உன் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. அதை இழுத்து மூச்சு விடுவதற்குள் செல்போனில் மெயில் வந்து விழுந்தது. அரசாங்கத்தின் ஸ்டார்ட்அப் நிதித் திட்டம், இரண்டாவது முறையாக, நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டது.

நமக்கு என்றுதான் எழுத வருகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. விண்ணப்பத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

முதல் தடவை போனது நினைவிருக்கிறதா? கல்யாணச் சமையலில் அண்டாவில் வெந்த சோற்றைக் கஞ்சி வடிக்கச் சாய்க்கும்போது உன் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அதைப் பார்க்க வந்த நான், திருவெறும்பூர் பட்டறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள், உன் கட்டில் ஓரத்திலேயே ஒரு பேப்பரில் கிறுக்க ஆரம்பித்தேன். இரும்புச் சட்டத்தில் அண்டாவை உட்கார வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் மெதுவாகச் சாய்கிற ஸ்டாண்ட். பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவள் நீ. அன்றைக்கு என் படத்தைப் பார்த்து, "முதல் தடவையா உன் கணக்கு எனக்குப் புரியுதுடி" என்றாய். மூன்று மாதத்தில் நான் வேலையை விட்டேன்.

நேர்காணல் திருச்சியிலேயே ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில். ஸ்டாண்டையும் அண்டாவையும் லோடு ஆட்டோவில் ஏற்றிப்போய், படியில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனோம். அடுப்பு மூட்டக் கூடாது என்பது தெரியும். தண்ணீர் ஊற்றியாவது காட்டலாம் என்று பார்த்தால், தரையில் கம்பளம் நனையும் என்று அதற்கும் விடவில்லை. வெறும் அண்டாவை வைத்துக் காட்டினோம். நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். ஒற்றைக் கையால் அண்டாவைச் சாய்த்தார். "இவ்வளவு ஈஸியா சாயுது, இதுக்கு ஸ்டாண்ட் எதுக்கும்மா?" என்றார். நான் எடை, சூடு, மையம் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில், லோடு ஆட்டோவின் பின்னால் அண்டாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடி நீ சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாய். "வெறும் அண்டாவைத் தூக்கிட்டுப் போனா வேற என்னத்தச் சொல்லுவாரு? பாவம், அவரு மேல தப்பே இல்லடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன, நாளைக்கே கல்யாண ஆர்டருக்குப் போயிடுவ. வேலைய விட்டுட்டு நிக்கிறது நான்தானே" என்று கத்தினேன். நீ சிரிப்பை நிறுத்தினாய். வடுவின் மேல் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாய். அந்த வார்த்தைக்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று, "எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு" என்றாய். எதற்கு, சட்டம் போட்டு மாட்டவா என்று கிண்டல் செய்தேன். நீ அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய். அடுத்த முகூர்த்தத்துக்கு ஸ்டாண்டை இதே மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். உன் குழுவில் இருந்த பெண்கள் நாள் முழுக்க அதில்தான் வடித்தார்கள். எப்படி இருக்கு என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "நல்லாருக்குங்க" என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

நீ அப்போது எதுவும் கேட்கவில்லை. கடைசிப் பந்தி முடிந்து, எல்லோரும் கை கழுவிவிட்டு இலை போட்டு உட்காரும்வரை காத்திருந்தாய். ரசத்துக்கு வந்ததும் சாதாரணமாகக் கேட்டாய்: "சரி, சொல்லுங்க. இதை எந்த இடத்துல திட்டுனீங்க?"

முதலில் சிரிப்பு. அப்புறம் கொட்டினார்கள் பார், என் தலை குனிந்துவிட்டது. சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டுகிறதாம். கைப்பிடி சுடுகிறதாம். கஞ்சி வாளியில் விழாமல் காலில் தெறிக்கிறதாம். நீ அந்தக் கடிதத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் உன் கோணல் எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினாய். மொத்தம் ஏழு. என் பக்கம் நீட்டி, "முன்பக்கம் படிச்சா அழுகைதான் வருது. இந்தப் பக்கம் படி, வேலை இருக்கு" என்றாய்.

ஆறைச் சரிசெய்து முடித்தபோது ஐப்பசி. விடாத மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நாலே நாள். குள்ளமாக இருப்பவர்களுக்குக் கைப்பிடி எட்டவில்லை என்ற ஏழாவதை நீதான் உனக்காகச் சொல்லியிருந்தாய். நீ இல்லாத பிறகுதான் அதைச் சரிசெய்தேன். உயரத்தை எதை வைத்து அளப்பது என்று தெரியாமல், உன் தோள் என் காதுக்கு எவ்வளவு கீழே வரும் என்று சுவரில் கை வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தேன்.

இந்தத் தடவை வெறும் அண்டா இல்லை. ஆவி பறக்கும் முழு அண்டாவை வீடியோ எடுத்து அனுப்பினேன். கிடைத்துவிட்டால் உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு ஆசை. கிடைக்கவில்லை. புதுமை போதவில்லை, விரிவுபடுத்த வாய்ப்பு தெளிவாக இல்லை என்று இரண்டே வரி. பழைய முதலாளி போன வாரமே கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள், இதற்கு மேல் இடத்தை நிறுத்தி வைக்க முடியாது என்று. மெயிலைப் படித்ததும், போய்விடுவது என்றுதான் முடிவு செய்தேன். மண்டபத்தில் உன் குழுவிடம் இருக்கும் ஸ்டாண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். போகும் வழியில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மெயிலைப் பிரிண்ட் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழக்கம்.

மண்டபத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். உன் குழுவை இப்போது நடத்துகிற செல்வி அண்டாவைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். உன்னைவிட இரண்டு விரல் உயரம் கூடுதல், அவ்வளவுதான். எந்தச் சிரமமும் இல்லாமல் கைப்பிடியைச் சுற்றினாள். கஞ்சி வாளிக்குள் விழுந்தது. அவள் கைகளைப் பார்த்தேன். ஒரு தழும்பு இல்லை.

எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இலை போட்டார்கள். ரசம் வந்ததும் நீ கேட்டதையே கேட்டேன்.

செல்வி சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அக்கா கேக்கற மாதிரியே கேக்கறீங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சக்கரத்து பிரேக்குதாங்க. ஈரக்கால்ல மிதிச்சா வழுக்குது. தினமும் திட்டறேன்" என்றாள்.

"தினமுமா?"

"தினமும்தாங்க வடிக்கிறோம். அப்புறம், இது மடங்கற மாதிரி இருந்தா நல்லாருக்கும். சமயபுரத்துல அன்னதானத்துக்குப் போறப்ப பாத்திரமெல்லாம் ஏத்துன பிறகு லோடு ஆட்டோல இதுக்கு இடம் பத்தல. அங்க உள்ள பொம்பளைங்க இன்னும் சாக்கைப் பிடிச்சுத்தான் வடிக்கிறாங்க. ஒருத்திக்குப் போன வாரம் கால் வெந்துபோச்சு."

தினமும் திட்டுகிற அளவுக்கு ஒருத்தி நம் ஸ்டாண்டோடு வாழ்கிறாள். அந்த இரண்டு வரிக் கடிதத்தில் நான் சரிசெய்ய எதுவுமே இல்லை. சரிசெய்ய வேண்டியது செல்வியின் வாயில் இருந்தது.

முதலாளிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "சார், திங்கக்கிழமை வர முடியாதுங்க. ஒரு பிரேக் மாத்தணும்." அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வெளி வரைபட வேலை இருந்தால் வீட்டிலிருந்தே போட்டுத் தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியாது. 

அப்புறம் பிரிண்ட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒன்று என்று போடப் போன கை நின்றது. எட்டு என்று போட்டு, செல்வி சொன்னதை எழுத ஆரம்பித்தேன்.