கார் இருக்கையும் ஆரோவும்

12 டிசம்பர் 2004, ஞாயிறு

பேத்திக்கு எட்டு மாதம். நாளை மருமகள் அவளைத் தடுப்பூசிக்குக் காரில் கூட்டிப் போகிறாள். அதற்காகக் குழந்தை இருக்கையை இன்று பொருத்தினோம். அது துளியும் ஆடக்கூடாதாம்.

நான் இருக்கையை முழங்காலால் அழுத்தினேன். (இந்த 'ழு' இன்றைக்கு என் கையெழுத்தில் அழகாக வளைந்துவிட்டது!) பக்கத்து வீட்டு வங்காளி தாதா (இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்) பெல்ட்டை இழுத்துக்கொண்டே, "ஆரோ! ஆரோ!" என்று கத்தினார். நான் கல்கத்தாவுக்குப் புதிது. யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. பெல்ட் தொளதொளவென்று ஆகிவிட்டது.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ மாமா, பெங்காலில ஆரோன்னா இன்னும்னு அர்த்தம். இன்னும் அழுத்தச் சொல்றார்."

"நம்ம ஊர்ல ஆரோன்னா யாரோ ஒரு ஆளும்மா!"

மறுபடி ஏறி முழு எடையையும் போட்டேன். தாதா இழுத்து மாட்டினார். பிடித்து உலுக்கினால் கார்தான் ஆடியது, இருக்கை அசையவில்லை.

"குழந்தை ஏம்மா பின்னால பார்த்து உட்காரணும்? ரோடே தெரியாதே."

"திடீர்னு பிரேக் போட்டா கழுத்து முன்னால வெட்டி இழுக்காது மாமா. சீட்டு முதுகைத் தாங்கிக்கும்."

அப்படியானால் பெரியவர்களின் கழுத்தை எது தாங்கும்? அதைக் கேட்க மறந்துவிட்டேன். சாப்பிட்டபின் கீழே போய் இன்னொரு முறை உலுக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. இனித் தூக்கம் வரும்.