ஒலிம்பியாவில் அப்பா ஓடினார்

ஆகஸ்ட் 28, வியாழன்

தம்பி சாயிசன் மேல்கட்டிலில் தூங்கிவிட்டான். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வீட்டில் ஜெர்மன் கடிதங்கள் எல்லாம் என் வேலை. கப்பல் பயணத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு கேட்கச் சொன்னார் அப்பா. "உள்ளதை உள்ளபடி எழுது பிள்ளை." உல்லாசப் பயணத்துக்கு லீவு கிடையாது என்று என் வகுப்பாசிரியை ஃப்ராவ் கெர்பர் முன்பே சொல்லிவிட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று. ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் வகுப்பில் எல்லோரும் போன ஊர்களைச் சொல்வார்கள். நான் எட்டு வருடமாக, நாங்கள் இருக்கும் இந்தச் சுவிஸ் ஊரின் பெயரை, "ஓஸ்டர்முண்டிகன்" என்றே சொல்கிறேன்.

அப்பப்பா இறந்துவிட்டார், லண்டனில் உறவுகள் கூடிக் கிரியை செய்கிறோம் என்று எழுதினேன்.

அப்பா வாசிக்கவில்லை. "நீ எழுதினாச் சரியாத்தான் இருக்கும்." கையெழுத்து வைத்தார்.

அப்பப்பா இலங்கையில், உரும்பிராயில் நன்றாக இருக்கிறார். எண்பத்தாறு வயது.

செப்டம்பர் 3, புதன்

லீவு கிடைத்தது. ஃப்ராவ் கெர்பரின் கண் கலங்கியது. எனக்கும் அழுகை வந்தது. எதற்கு?

செப்டம்பர் 6, சனி

சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகத்துக்கு நாள் வந்துவிட்டது. அக்டோபர் 23. அப்பா அகதியாக வந்தவர். இந்த ஊர்ப் பாஸ்போர்ட் இல்லாமல் இலங்கைக்குப் போகமுடியாது. பதினேழு வருடமாக அப்பப்பாவை அவர் போனில் மட்டுமே பார்க்கிறார். இன்று போனில், "அப்பா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார்.

அம்மா சொன்னா: "ஆள் நேர்மையோ எண்டு துருவித் துருவிப் பாத்துத்தான் குடுப்பினமாம்."

அந்தக் கடிதத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. ஐயோ, நான் என்ன செய்தேன்?

செப்டம்பர் 16, செவ்வாய். கப்பலில்

காலையில் கிரேக்கத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் இறங்கினோம். பஸ் வருவதற்குள் அப்பா ஒரு மின்கம்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கம்பத்தில் ஒரு தாள், கறுப்புச் சிலுவை, பெயர், வயது.

"இஞ்ச பாருமப்பா, இவையும் எங்கட ஊர் மாதிரி மரண அறிவித்தல் ஒட்டுகினம்!"

"வந்த இடத்திலையும் செத்தவீடோ உங்களுக்கு? வாங்கோ," என்றா அம்மா.

நான் தம்பியின் சப்பாத்தைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஒலிம்பியாவில் வெயில். தூண்கள் விழுந்து, வெட்டிய வாழைக்குற்றிகள்போலத் துண்டு துண்டாகக் கிடந்தன. விளையாட்டரங்குக்குப் போகும் வழியில் கல் பீடங்கள் வரிசையாக நின்றன. அந்தக் காலத்தில் போட்டியில் ஏமாற்றியவர்களின் தண்டப்பணத்தில் அவற்றின்மேல் சிலைகள் வைத்தார்களாம். ஏமாற்றியவனின் பெயரையும் கல்லில் வெட்டினார்களாம். ஒருமுறை இரண்டு மல்லர்களின் தகப்பன்மார் காசு பேசி முடிவை மாற்றினார்கள், தண்டம் மகன்களுக்கு இல்லை, தகப்பன்மாருக்குத்தான் என்றார் வழிகாட்டிப் பெண். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் தமிழில் சொன்னேன்.

"சரியான தீர்ப்பு," என்றார் அப்பா. "பிள்ளைக்கு என்ன தெரியும்? தேப்பன்தானே பொறுப்பு."

பிறகு தம்பி அவரை ஓடக் கூப்பிட்டான். அப்பா செருப்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அந்த மண்ணில் ஓடினார். ஆஸ்பத்திரிக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று நின்று வீங்கிய கால்கள். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அம்மா வாயைப் பொத்திச் சிரித்தா. "யாதவி, படம் எடடி!"

எடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்— எப்படிச் சொல்வேன்?

செப்டம்பர் 17, புதன்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றோம். ஃப்ராவ் கெர்பர் வந்து அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். உங்கள் தகப்பனாரின் மறைவுக்கு என் அனுதாபம் என்றார். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவருக்கு அந்த வார்த்தை தெரியாதா? அப்பா என்னைப் பார்த்தார். பிறகு "டங்கே" என்றார். நன்றி என்று.

வீட்டுப் படியில் வைத்துக் கேட்டார்.

"என்ன எழுதினனி?"

சொன்னேன்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் இண்டைக்கு அனுதாபம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறன்."

அடித்திருந்தால் நல்லது. அடிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

அப்பா வேலைக்குப் போகமுதல் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என் அப்பா உயிரோடு இருக்கிறார், கடிதம் பொய், எழுதச் சொன்னது நான் என்றார், தன் உடைந்த ஜெர்மனில். ஃப்ராவ் கெர்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் இதை மேலே அறிவிக்கவேண்டுமாம், விசாரணை நடக்குமாம். தண்டம் வரும்.

வெளியே வந்து, "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"கையெழுத்து என்ரை."

"நேர்முகம்?"

"பாப்பம். நீ வகுப்புக்குப் போ, நேரமாச்சு."

"நான் எழுதினேன்" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடி எனக்கு இருந்தது.

அக்டோபர் 23, வியாழன்

நேர்முகத்தில், ஏதாவது விசாரணை நடக்கிறதா என்று கேட்டார்களாம். அப்பா ஓம் என்று சொல்லிவிட்டார். அது முடிந்து, பிறகு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருடம் ஆகலாமாம். அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதா.

பின்னேரம் அப்பப்பா போன் எடுத்தார். "என்ன ராசா, பாஸ் தந்திட்டாங்களோ?"

"கொஞ்சம் சுணங்கும் அப்பா. இஞ்ச ஒஃபிசில வேலைக்கு ஆள் காணாதாம்."

"சுணங்கட்டும். நான் எங்க போகப்போறன்? எங்க, பேத்தியிட்டைக் குடு."

அப்பா போனை நீட்டினார். திரையில் அப்பப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. போனை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"என்னம்மா, சாப்பிட்டனியோ?"

"ஓம் அப்பப்பா."

"நீங்கள்?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.